தொங்கா மக்களின் கவா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்லாந்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே பழகிய தொங்கா நாட்டுக்காரர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், எங்கே சுற்றினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். இரவெல்லாம் வட்டமாக உட்கார்ந்து சேற்று நிறத்தில் எதையோ குடிக்கிறார்களே, அது என்ன? ஆளாளுக்குத் தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கவா என்பது ஒருவகைச் சாராயமா?

இல்லை. கவாவில் சாராயச் சத்தே கிடையாது. எதையும் நொதிக்க வைப்பதும் இல்லை, காய்ச்சுவதும் இல்லை. கவா ஒரு செடியின் வேர். வேரைக் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, பச்சைத் தண்ணீரில் பிசைந்து பிழிந்து வடிகட்டினால் பானம் தயார்.

நமக்கு அந்நியமான செடியும் அல்ல. மிளகு, வெற்றிலை, கவா மூன்றும் தாவரவியலில் 'பைப்பர்' என்ற ஒரே பேரினத்தில் வருபவை. வெற்றிலையைத் தொட்டு வளர்ந்தவர்கள் கவா இலையைப் பார்த்தால் அந்த இதய வடிவத்தில் சொந்தம் தெரியும். ஆனால் இது கொடி இல்லை, ஆள் உயரத்துக்கு வளரும் புதர். வெற்றிலையில் நமக்கு இலை வேண்டும், மிளகில் காய் வேண்டும். அவர்களுக்கு வேண்டியது வேரும் அடித்தூரும். நட்டு மூன்று முதல் ஐந்து ஆண்டு பொறுத்தால்தான் நல்ல வேர் கிடைக்கும்.

வேரில் உள்ள கவாலாக்டோன் என்னும் பொருள்கள்தான் வேலை செய்கின்றன. குடிப்பது தேங்காய்ச் சிரட்டையில். முதல் சிரட்டை உள்ளே போனதும் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பல் பிடுங்குவதற்கு முன் போடும் ஊசியைப் போல, ஆனால் லேசாக. அப்புறம் தோள் தளரும், பேச்சு நிதானமாகும். சாராயம் ஏறினால் குரல் உயரும். கவாவில் ஆட்கள் அமைதியாகிவிடுவார்கள். சுவையைக் கேட்டால் கசப்பு, கூடவே மண் வாசனை. முதல் தடவை குடிப்பவர் முகம் சுளிக்காமல் இருந்தால் ஆச்சரியம்தான்.

இந்தச் செடி தொங்காவிலேயே தோன்றியதா?

வனுவாட்டு தீவுகளில்தான் காட்டு வகையிலிருந்து இது பயிராக மாறியது என்பது தாவர ஆய்வாளர்களின் முடிவு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கவாச் செடி விதை வைத்துத் தானாகப் பரவாது. யாராவது தண்டை வெட்டி நட்டால்தான் முளைக்கும். ஆக பசிபிக்கில் எந்தத் தீவில் கவா நின்றாலும், அதை ஒருவர் படகில் வைத்து, உப்புத் தண்ணீர் படாமல் காப்பாற்றிக் கொண்டுபோயிருக்கிறார் என்று அர்த்தம்.

நியூசிலாந்துக்குப் போன மாவோரிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே குளிர், கவா வளராது. ஆனால் அதே பேரினத்தில் ஒரு உள்ளூர்ச் செடியைப் பார்த்ததும் அதற்குக் 'கவகவா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். செடி கூட வரவில்லை, பெயர் மட்டும் வந்து சேர்ந்தது.

தொங்கா எங்கே இருக்கிறது? 'டோங்கா' என்றுதானே படித்திருக்கிறோம்?

இரண்டும் ஒன்றுதான். அவர்கள் வாயில் அது மெல்லிய 'த'. ஃபிஜிக்குக் கிழக்கே, சமோவாவுக்குத் தெற்கே, நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள் சேர்ந்த நாடு. மக்கள் தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். தலைநகர் நுகுஅலோஃபா. 2022 ஜனவரியில் கடலடி எரிமலை வெடித்து உலகமே கேட்டதே, அந்த நாடு.

கவா பல தீவுகளில் உண்டு. தொங்காவில் மட்டும் என்ன தனி?

உண்மைதான். சமோவாவில் 'அவா', ஹவாயில் 'அவா', ஃபிஜியில் 'யங்கோனா' என்று எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் தஹிதியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கம் அற்றுப்போனது. ஹவாயில் மங்கி, இப்போதுதான் மறுபடி தலைதூக்குகிறது. கிறித்தவ மிஷனரிகள் வந்த தீவுகளில் பழைய தெய்வங்களோடு சேர்த்துக் கவாவையும் ஓரங்கட்டினார்கள்.

தொங்காவில் நடந்தது வேறு. தௌஃபாஆஹாவு என்ற தலைவர் 1831-இல் ஞானஸ்நானம் பெற்று, சண்டையிட்டுத் தீவுகளை ஒன்றாக்கி, முதலாம் ஜார்ஜ் துபோ என்ற பெயரில் அரசரானார். 1875-இல் நாட்டுக்கு அரசியல் சட்டமும் தந்தார். மதம் மாறியது, சட்டம் மாறியது. ஆனால் தலைவர்களின் பட்டங்களைக் கவா வட்டத்தில் உறுதி செய்யும் முறையை அவர் விடவில்லை. மாற்றத்தைக் கொண்டுவந்தவரே அரசர் என்பதால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை வெளியாள் தீர்மானிக்கவில்லை. நாடு 1900 முதல் 1970 வரை பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தபோதும் அரச குடும்பம் நாற்காலியிலேயே இருந்தது. இன்று அங்கே தேவாலயத்துப் போதகரும் பூசைக்கு முன் கவா வட்டத்தில் உட்காருவார். வட்டம் தொடங்குவதும் ஜெபத்தோடுதான். விலகி நிற்பவர்களும் உண்டு, செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையார் தொடுவதில்லை.

கவா பிறந்த கதை ஒன்று சொல்வார்களாமே?

சொல்வார்கள். கேட்கக் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டிய கதை. ஆளுக்கு ஆள் சிறு மாற்றங்கள் இருக்கும், சாரம் இதுதான்.

துயி தொங்கா என்பது பழைய பேரரசரின் பட்டம். ஒரு துயி தொங்கா எவுஎய்கி என்ற சின்னத் தீவில் இறங்கினார். அங்கே ஃபெவங்கா, ஃபெஃபாஃபா என்று ஒரு கணவன் மனைவி. தீவில் பஞ்சம். வந்த அரசருக்குப் போட வீட்டில் ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரு பெரிய சேம்புச் செடி மட்டும், அதில்தான் அரசர் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தார். அரசர் தொட்டது தீட்டுக்குரியது, அதாவது அவர்கள் சொல்லும் 'தபு', இனி அதைத் தோண்ட முடியாது. அவர்களுக்கு ஒரே மகள். கவாஒனாவு என்று பெயர். தொழுநோயாளி. பெற்றவர்கள் அவளைக் கொன்று மண் அடுப்பில் வைத்துவிட்டார்கள்.

விஷயம் அரசருக்குத் தெரிந்தது. அவர் அதைத் தொடவில்லை. 'அவளை அப்படியே அடக்கம் செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனார். நாளாவட்டத்தில் கல்லறையின் தலைமாட்டில் ஒரு செடியும் கால்மாட்டில் ஒரு செடியும் முளைத்தன. ஒருநாள் ஒரு எலி வந்து தலைமாட்டுச் செடியைக் கடித்தது, தள்ளாடியது. கால்மாட்டுச் செடியைக் கடித்தது, தெளிந்து ஓடியது. முதலாவது கவா, இரண்டாவது கரும்பு. லோஆவு என்ற அறிவாளி அதைக் கேள்விப்பட்டு, இந்தச் செடியை என்ன செய்ய வேண்டும், எப்படிப் பரிமாற வேண்டும் என்று முறை வகுத்துக் கொடுத்தார்.

சடங்கில் கவாவோடு கரும்பும் வைப்பது இதனால்தான் என்பார்கள். எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது வேறு. இது பெற்றோரின் விசுவாசத்தைப் புகழும் கதையாகத்தான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் அரசர் சாப்பிடவில்லை என்பதுதான் கதையின் முள். குடிமக்கள் கொடுக்கக்கூடாத அளவுக்குக் கொடுத்துவிட்டார்கள், வாங்கக்கூடாததை வாங்காமல் எழுந்து போனார் ஆள்பவர். ஒவ்வொரு சிரட்டைக் கவாவுக்குள்ளும் இந்தக் கணக்கு கிடக்கிறது.

இன்னொரு கதையும் உண்டு. வானத்துத் தெய்வம் தங்கலோவாவுக்கும் மண்ணுலகப் பெண்ணுக்கும் பிறந்தவன் அஹோஎய்து. அப்பாவைத் தேடி வானம் ஏறிப் போனான். அங்கிருந்த மாற்றாந்தாய் மக்கள் பொறாமையில் அவனைக் கொன்று தின்றுவிட்டார்கள். தங்கலோவா அவர்களை ஒரு மரக்கிண்ணத்தில் வாந்தி எடுக்க வைத்து, தண்ணீரும் தழையும் இட்டார். விடிவதற்குள் அதிலிருந்து அஹோஎய்து உயிரோடு எழுந்தான். அவனே முதல் துயி தொங்கா. தின்ற அண்ணன்மார் அவனுக்கு ஊழியம் செய்யக் கீழே அனுப்பப்பட்டார்கள். தொங்காவில் அரசாட்சியே ஒரு கிண்ணத்திலிருந்து எழுந்ததுதான்.

அரசர் முன்னிலையில் நடக்கும் சடங்கு எப்படி இருக்கும்?

அதற்குப் பெயர் 'தௌமாஃபா கவா'. பெயரிலேயே படிநிலை இருக்கிறது. தொங்கா மொழியில் குடிப்பதற்கு மூன்று சொல். சாதாரண ஆள் குடித்தால் 'இனு', பிரபு குடித்தால் 'இலோ', அரசர் குடித்தால் 'தௌமாஃபா'. நாம் 'சாப்பிட்டார்' என்பதைப் பெருமாளுக்கு 'அமுது செய்தார்' என்று மாற்றுவோமே, அந்த மாதிரி. அங்கே இது மொழி முழுக்க ஓடுகிறது.

திறந்த வெளியில் நடக்கும். ஒரு முனையில் அரசர். அவருக்கு இரு பக்கமும் 'மத்தாபுலே' எனப்படும் பேச்சு அதிகாரிகள். அரசரின் குரல் அவர்கள்தான். லவுவாகி, மோத்துஅபுவாகா என்ற பட்டம் உடைய இருவர் அதில் முதன்மை. அவர்களிடமிருந்து இரண்டு வரிசைகளாகப் பிரபுக்களும் பட்டம் பெற்றவர்களும் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து நீண்ட வட்டமாக வளைவார்கள். இந்த வளைவு 'அலோஃபி'. எதிர் முனையில், அரசரைப் பார்த்தபடி, பெரிய மரக்கிண்ணம். அதன் பின்னால் கவா பிசைபவரும் அவருடைய கூட்டமும். அந்தப் பகுதி 'தோஉஆ'.

முதலில் காணிக்கைகள். வேரோடு பிடுங்கிய முழுக் கவாச் செடிகள், சுட்ட பன்றிகள், கிழங்குக் கூடைகள். ஒவ்வொன்றையும் எண்ணி உரக்கச் சொல்வார்கள், நன்றி சொல்வார்கள். இதற்கே நெடுநேரம் ஆகும். அப்புறம் வேரை வெட்டி, இடித்து, கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, செம்பருத்தி இனத்து மரமொன்றின் பட்டை நாரால் அலசி அலசி வடிப்பார்கள். பிசைபவரின் ஒவ்வொரு கை அசைவுக்கும் கணக்கு உண்டு. எல்லாம் மத்தாபுலேயின் கட்டளைப்படி. நடுவில் யாரும் பேச மாட்டார்கள்.

பரிமாறும் நேரத்தில் தோஉஆ பக்கமிருந்து 'கவா குஓ ஹேகா' என்று குரல் வரும், கவா தயார் என்று பொருள். மத்தாபுலே ஒரு பெயரைச் சொல்வார். பெயருக்குரியவர் கை தட்டி, 'இங்கே இருக்கிறேன்' என்று காட்டுவார். சிரட்டை அவரிடம் போகும். அரசருக்கு முதலில்தான் கொடுக்க வேண்டும் என்று நாம் நினைப்போம், ஆனால் வரிசை அவ்வளவு எளிது இல்லை. அதற்குத் தனி இலக்கணம் இருக்கிறது, தெரிந்தவர்கள் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு நுணுக்கமானது.

முன் காலத்தில் வேரை இடிக்க மாட்டார்கள், இளைஞர்கள் மென்று கிண்ணத்தில் இடுவார்கள். 1806-இல் தொங்காவில் பிடிபட்டு நான்கு ஆண்டு அங்கேயே வாழ்ந்த வில்லியம் மரைனர் என்ற ஆங்கிலேயப் பையன் சொன்ன விவரங்கள் 1817-இல் அச்சில் வந்தன. மெல்வது, பிசைவது, வாழை இலையில் கிண்ணம் மடிப்பது, பெயர் அழைப்பது எல்லாம் அதில் இருக்கிறது. மெல்வது போய்விட்டது. மற்றதெல்லாம் இன்றைக்கும் அடையாளம் தெரிகிற மாதிரியே நடக்கிறது.

முடிசூட்டு விழாவுக்குத் தேவாலயம் இருக்கிறதே, இது எதற்கு?

அருமையான கேள்வி. இதைக் கேட்டால் தொங்காக்காரர்களே இரண்டு மணி நேரம் பேசுவார்கள். ஐந்தாம் ஜார்ஜ் துபோ 2008 ஆகஸ்ட் 1-இல் முடிசூடினார், இப்போதைய அரசர் ஆறாம் துபோ 2015 ஜூலை 4-இல். இரண்டு தடவையும் கிரீடத்தைப் போதகர் வைத்தார், இரண்டு தடவையும் அதற்கு முன் தௌமாஃபா கவா நடந்தது. கிரீடம் உலகத்துக்குத் தெரிய வைத்தது. பழைய பட்டம் ஆள் மேல் இறங்குவது வட்டத்தில், எல்லாப் பட்டங்களும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து சாட்சி சொல்லும்போது.

பிரபுக்களுக்கும் இதே வழிதான். அப்பா இறந்ததும் மகன் பெயரளவில் வாரிசு. கவா வட்டத்தில் அந்தப் பட்டத்தின் பெயரைச் சொல்லி அழைத்து, அவர் சிரட்டையை வாங்கிக் குடித்த பிறகே அவர் அந்தப் பெயராகிறார். 'ஆகிறார்' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதன்பின் ஊரார் அவரைப் பிறந்த பெயரில் கூப்பிட மாட்டார்கள். முந்நூறு ஆண்டுக்கு முன் அந்தப் பட்டம் வைத்திருந்தவர் செய்ததைக்கூட 'நான் செய்தேன்' என்று அவரே பேசுவதும் உண்டு.

சடங்கில் இன்னொரு நுணுக்கம். வட்டத்தில் உட்கார்ந்தவர் முன் வைக்கும் பன்றி இறைச்சிப் பங்கை அவர் தொட மாட்டார். உறவில் அவரைவிட உயர்ந்த இடத்தில் இருப்பவர், பொதுவாகச் சகோதரி வழியில் வந்தவர், நடந்து வந்து எடுத்துக்கொண்டு போவார். பட்டத்தில் நீ பெரியவன், ரத்தத்தில் உன் சகோதரி கிளை பெரியது என்று அத்தனை பேர் முன்னால் காட்டுகிற இடம் அது. தொங்காவில் அண்ணனைவிடத் தங்கைக்கு மதிப்பு அதிகம்.

சாதாரண நாட்களில் குடிப்பதும் இதே மாதிரியா?

இல்லை, அது 'ஃபைகவா'. கவா செய்தல் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு கொட்டகையிலோ, தேவாலயக் கூடத்திலோ, வெளிநாட்டில் என்றால் கார் நிறுத்தும் ஷெட்டிலோ பாய் விரித்து உட்காருவார்கள். நடுவில் நாலு கால் மரக்கிண்ணம், சிலசமயம் வெறும் பிளாஸ்டிக் வாளி. வேருக்குப் பதில் பாக்கெட் பொடி, நாருக்குப் பதில் துணிப் பை. சிரட்டை மட்டும் மாறாது.

வட்டத்தில் நடப்பது மூன்று விஷயம்: பேச்சு, பாட்டு, கேலி. பேச்சுக்கு 'தலனோவா' என்று பெயர். தலைப்பு கிடையாது, முடிவும் கிடையாது. நிலத்தகராறு, பைபிள் வசனம், ரக்பி, யாருடைய தாத்தா யாருடைய தாத்தாவோடு படகில் போனார் என்பது வரை. பாட்டு பெரும்பாலும் 'ஹிவா ககலா', பூமாலை மணக்கும் காதல் பாட்டுகள், கிதாரோடு, நாலு குரலில். பத்து மணிக்குத் தொடங்கினால் விடிகாலை வரை போகும்.

சங்கங்களும் உண்டு, 'கலாப்பு' என்பார்கள். நுகுஅலோஃபாவில் தொடங்கிய ஃபோஃபோஅங்கா அதில் பிரபலம், அந்தச் சொல்லுக்கு மிதக்கும் எரிமலைக் கல் என்று அர்த்தம். அதன் கிளைகள் தொங்கா மக்கள் போன ஊர்களுக்கெல்லாம் போயிருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்கோ படிப்பு உதவிக்கோ பணம் திரட்ட வேண்டுமென்றால் ஒரு கவா ராத்திரி அறிவிப்பார்கள். வந்தவர்கள் காசு போடுவார்கள். நம்மூர் மொய் விருந்தைப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

சாவு வீட்டிலும் கவா உண்டு. இரவு முழுக்க விழித்திருக்கும் ஆண்கள் வட்டம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பெண்களுக்கு இடம் இல்லையா?

இருக்கிறது, ஆனால் வேறு இடம். கிண்ணத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கலந்து கொடுப்பவரையும் தோஉஆ என்றே சொல்வார்கள். பழைய வழக்கில் அது ஒரு மணமாகாத பெண்ணாக இருப்பாள். ஆண்கள் அவளைப் பார்த்துப் பாடுவார்கள், ஜாடையாகப் பேசுவார்கள், அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள். எத்தனையோ கல்யாணம் அந்தக் கிண்ணத்தைச் சுற்றித்தான் தொடங்கியது.

இதில் ஒரு கண்டிப்பு. அவளுக்குச் சகோதர முறை ஆகிற யாரும் வட்டத்தில் இருக்கக்கூடாது. அண்ணன் தங்கை ஒரே இடத்தில் இருந்து காதல் பாட்டையோ இரட்டை அர்த்தப் பேச்சையோ கேட்பது பெரும் மரியாதைக்குறைவு. இங்கே நமக்குக் குழப்பம் வரும். நம் ஊரில் மாமன் மகன், அத்தை மகன் முறைப்பையன். அவர்களுக்கு அப்படி இல்லை, ஒன்றுவிட்ட உறவு எதுவானாலும் அண்ணன் தம்பி முறைதான். அதனால் சின்ன ஊரில் யாருக்கும் முறை தப்பாத ஒரு தோஉஆவைக் கண்டுபிடிப்பது சிரமம். தெரியாமல் ஒருவன் உள்ளே வந்துவிட்டால் அவன்தான் எழுந்து போக வேண்டும்.

அரசி சலோட்டே 1918 முதல் 1965 வரை ஆண்டபோது தௌமாஃபா கவாவின் தலைமை இடத்தில் ஒரு பெண்தான் இருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. இப்போது நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் பெண்கள் மட்டும் குடிக்கும் வட்டங்களும் கலந்து உட்காரும் வட்டங்களும் வந்துவிட்டன. பெரியவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதில் என்ன அக்கறை?

நான் நினைத்ததைவிட அதிகம். 2018 கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் மட்டும் தொங்கா வம்சாவளியினர் 82,389 பேர். ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் யூட்டா, கலிஃபோர்னியா என்று கூட்டிப் பார்த்தால் நாட்டில் இருப்பவர்களைவிட வெளியே இருப்பவர்கள் அதிகம். 1970-களில் தொழிற்சாலை வேலைக்கு ஆள் வேண்டும் என்று வரவேற்ற நியூசிலாந்து, வேலை குறைந்ததும் விடியற்காலையில் வீடு புகுந்து விசா கேட்டது. அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2021 ஆகஸ்டில்தான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பையன் பள்ளியில் ஆங்கிலம் பேசுகிறான், வீட்டில் அம்மா தொங்கா மொழியில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். பாட்டி தாத்தாவோ கடல் தாண்டி.

எட்மண்ட் ஃபெஹோகோ என்ற ஆய்வாளர் ஆக்லாந்தில் பிறந்த தொங்கா இளைஞர்களிடம் இதைப் பற்றியே பேசி 2014-இல் ஆய்வேடு முடித்தார். 'புகெபுகெ ஃபொனுவா' என்பது அதன் தலைப்பு, மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது என்று சொல்லலாம். கவா வட்டம் அவர்களுக்கு ஒரு பண்பாட்டு வகுப்பறை என்பது அதில் வரும் கருத்து.

என் அனுபவமும் அதையே சொல்கிறது. ஒரு ஷெட்டில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கிண்ணத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கலந்து கொடுத்துக்கொண்டிருந்தான். புதிதாக வந்த பெரியவர் அவனைப் பார்த்து முதலில் கேட்டது பெயர் இல்லை, 'எந்த ஊர், யார் மகன்' என்று. பையன் அப்பா பெயரைச் சொன்னான். 'அதற்கு மேலே?' என்றார். தாத்தா பெயரைச் சொன்னான். 'அதற்கும் மேலே?' பையன் விழித்தான். வட்டத்தில் வேறொருவர் எடுத்துக்கொடுத்தார், இன்னொருவர் 'இல்லை, அது இந்தத் தாத்தாவின் தம்பி' என்று திருத்தினார், அரைமணி நேரம் அந்தப் பையனின் வம்சம் அந்தக் கிண்ணத்தைச் சுற்றி ஓடியது. அவன் அதைப் புத்தகத்தில் படித்திருக்க முடியாது. அடுத்த சுற்றில் அவனை அழைக்கும்போது தாத்தா ஊரின் பெயரைச் சேர்த்து அழைத்தார்கள்.

இவ்வளவு நேரம் ஆண்கள் வெளியே உட்கார்ந்தால் வீடு என்ன ஆகும்?

சண்டைதான். ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு வந்தவர் மறுநாள் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார். தோட்ட வேலை நிற்கும், பிள்ளைகளை யார் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது என்று கேட்பார் மனைவி. கவாவுக்கும் வட்டத்து வசூலுக்கும் போகும் பணம் இன்னொரு வம்பு. இதற்கு எதிர்வாதமும் உண்டு. சாராயக் கடைக்குப் போய் அடிதடியோடு வருவதைவிட இது மேல் என்று சொல்லும் மனைவிகளையும் பார்த்திருக்கிறேன். பண்பாடு என்று சொன்னதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வட்டத்தில் இருப்பவருக்குக் கிடைப்பதற்கு ஒரு பகுதி விலையை வட்டத்துக்கு வெளியே இருப்பவர் கட்டுகிறார்.

உடம்புக்குக் கெடுதலா? சட்டம் என்ன சொல்கிறது?

தண்ணீரில் கலந்து மரபு முறையில் குடிப்பதன் ஆபத்து குறைவு என்று 2016-இல் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அளவு மீறிப் பல மாதம் குடித்தால் தோல் வறண்டு மீன் செதிள் போல உரியும், நிறுத்தினால் சரியாகிவிடும். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தொடக்கூடாது. சாராயத்தோடோ தூக்க மாத்திரையோடோ சேர்க்கவே கூடாது. நிறையக் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் கூடாது, தலை தெளிவாக இருப்பது போலத் தோன்றினாலும் கை கால் மெதுவாகிவிடும்.

சட்டக் கதை சுவாரசியமானது. கவாச் சாறு மாத்திரைகளால் கல்லீரல் கெட்டதாகப் புகார் வந்து 2002-இல் ஜெர்மனி அவற்றைத் தடை செய்தது. பசிபிக் விவசாயிகளுக்குப் பலத்த அடி. 2014-இல் அங்குள்ள நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. ஆஸ்திரேலியாவில் 1980-களில் பழங்குடி ஊர்களுக்கு, சாராயத்துக்கு மாற்று என்று கவா போய்ச் சேர்ந்தது. அங்கே அதைச் சுற்றி வட்டமும் இல்லை, பட்டமும் இல்லை, வரிசையும் இல்லை, அளவில்லாமல் குடித்துச் சீரழிந்தார்கள். 2007-இல் வணிக இறக்குமதிக்குத் தடை வந்தது. பயணிகள் கையில் கொண்டுவரக்கூடிய அளவு 2 கிலோவிலிருந்து 4 கிலோவாக உயர்ந்தது 2019-இல். 2021 டிசம்பரில் வணிக இறக்குமதியும் மறுபடி திறந்தது.

தமிழர்களுக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

தொங்காவோடு இல்லை, பக்கத்து ஃபிஜியோடு உண்டு. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று யங்கோனாவை 'கிராக்' என்று சொல்லி, கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் கலந்து குடிக்கிறார்கள். அதில் பட்டமும் மத்தாபுலேயும் கிடையாது.

யாராவது அழைத்தால் எப்படி நடந்துகொள்வது?

வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு பாக்கெட் கவாப் பொடி போதும். முழங்காலை மூடும் உடை, இடுப்பில் பாய் கட்டச் சொன்னால் கட்டிக்கொள்ளுங்கள். செருப்பை வெளியே விட்டு, உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருங்கள், இடத்தை நீங்களாகத் தேர்வு செய்ய வேண்டாம். சம்மணமிட்டு உட்கார நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கால் நீட்டுவது மட்டும் கூடாது. சிரட்டை வந்தால் ஒரே மூச்சில் குடித்துவிடுங்கள், வைத்து வைத்து உறிஞ்சினால் அடுத்தவருக்குச் சிரட்டை கிடைக்காது. அதிகம் வேண்டாமென்றால் பாதி மட்டும் ஊற்றச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போவதற்கு முன் ஏதாவது சாப்பிட்டிருந்தாலும் வயிறு முட்ட வேண்டாம், குமட்டும்.

அப்புறம், 'யார் மகன்' என்று உங்களையும் கேட்பார்கள். கொள்ளுத்தாத்தா பெயரை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். நான் போன அன்று எனக்குத் தெரியவில்லை.